சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் திராட்சை வைன்: இரண்டாம் முறை, 40 நாள்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்குப் போட்ட வைன் காடியாகிவிட்டது. நாகர்கோவிலில் அத்தை வருஷா வருஷம் போடும் முறைதான்: கறுப்புத் திராட்சை, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, பரணி (ஜாடி). 21-ஆம் நாள் துணியை அவிழ்த்ததும் நெடி மூக்கில் ஏறியது, பழ ஈ மொய்த்துக் கிடந்தது. அத்தனையும் கொட்டியபோது மனசு ஆறவே இல்லை.

தப்பு எங்கே என்று ரொம்ப நாள் யோசித்தேன். அத்தை பழத்தின் எடையில் பாதி அளவு சீனி போடுவார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் நான் அதைக் குறைத்திருந்தேன். அந்தச் சீனி ருசிக்கு மட்டுமல்ல, வைனைக் கெடாமல் காப்பதும் அதுதான் என்று அப்போது தெரியவில்லை. கூடவே 31 டிகிரிச் சமையலறை, தினமும் திறந்து கிளறியதில் உள்ளே போன காற்று. காடியாக்கும் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

இந்த முறை சீனி குறைவாகவே போட்டு, சூட்டையும் காற்றையும் அடக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். (தோழிகள் கேட்பதால் சொல்கிறேன்: இங்கே சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைன் போடலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது.)

நாள் 1. தேக்கா சந்தையில் விதையுள்ள கறுப்புத் திராட்சை 5 கிலோ வாங்கினேன். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கையால் பிசைந்தேன். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். சாறு மட்டும் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.066 (சீனி கூடினால் எண் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும்). லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் 210 கிராம் சீனி கரைத்ததும் 1.090-க்கு வந்தது. கிருமியை அடக்கும் காம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு, தோலும் சாறுமாக வாளியில் ஒரு நாள் மூடி வைத்தேன்.

நாள் 2. ரொட்டி ஈஸ்ட் வேண்டாம் என்று வைன் ஈஸ்டே வாங்கினேன், லால்வின் கே1-வி1116. 35 டிகிரி வரை தாங்கும். ஈஸ்ட் தாங்கினாலும் அந்தச் சூட்டில் பழத்தின் வாசனை போய்விடும் என்பதால் வாளியைக் குளிர்விக்கும் வேலை தொடங்கியது. முதலில் ஈரத் துணி சுற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். இங்கே காற்றிலேயே ஈரம் அதிகம், துணி காய்ந்தால்தானே குளிரும்? 29-க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு குழந்தை குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வாளியை இறக்கி, உறைய வைத்த ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு போட்டேன். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று மாற்றியதில் 25-இல் நின்றது. இந்த முறை எனக்குக் கைகொடுத்தது இந்த நாலு போத்தல்தான்.

நாள் 3 முதல் 6. தோலெல்லாம் மேலே எழும்பி இரண்டு விரல் கனத்துக்கு அடை மாதிரி நிற்கும். காது வைத்துக் கேட்டால் மழைத் தூறல் சத்தம். மரக்கரண்டியால் அழுத்தினால் நடுவில் பிளந்து, ஊதா நுரை பொங்கி ஓரமெல்லாம் வழியும். காலையும் மாலையும் அதை உள்ளே அமுக்கியே ஆக வேண்டும். காய விட்டால் காடி அங்கேதான் தொடங்கும்.

நாலாம் நாள் அழுகிய முட்டை வாடை. பயந்துவிட்டேன். ஈஸ்டுக்குச் சத்து போதாமல் திணறும்போது அப்படி வருமாம். ஈஸ்ட் சத்துப்பொடி கால் டீஸ்பூன் போட்டு நன்றாகக் கிளறினேன். மறுநாள் வாடை போயே போய்விட்டது.

நாள் 7. 1.012. மல் துணியில் பிழிந்து, கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை நிரப்பி ஏர்லாக் மாட்டினேன். உள்ளே உண்டாகும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. இறுக்கி மூடினால் குடுவை வெடித்துவிடும். அத்தையும் வீடியோ அழைப்பில், "மக்ளே, இறுக்கி மூடிராத, காத்து போவணும்" என்றார். அவர் பரணியில் துணி கட்டுவதும் அதற்குத்தான். பிறகு குடுவை பாம் ஷெல்டருக்குள் (வீட்டோடு கட்டிய பதுங்கு அறை) போனது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதைவிட இருட்டான இடம் கிடையாது.

நாள் 28. 0.996. மூன்று நாள் கழித்தும் அதே எண், அதாவது நொதித்தல் முடிந்துவிட்டது. கணக்குப்படி மதுச்சத்து 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அடியில் ஒரு விரல் வண்டல். அதைக் கலக்காமல் குழாயால் உறிஞ்சி வேறு குடுவைக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்ததால் சின்னக் குடுவையாக எடுத்தேன், மேலே காற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நாள் 40, இன்று. வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளை நிறம், ஓரத்தில் மட்டும் லேசான கலங்கல். காடி நெடி துளியும் இல்லை. இனிப்பு சுத்தமாக இல்லை, நாக்கில் தோலின் துவர்ப்பு நிற்கிறது. கிராம்பும் பட்டையும் போடாததால் அத்தை வைனின் மணம் இதில் இல்லை, அது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது. நாலு போத்தல் தேறும். ஒன்றில் மட்டும் இன்றைக்கு இரண்டு கிராம்பு போட்டு, தேதி எழுதி ஒட்டி, ஷெல்டரில் தனியாக வைத்திருக்கிறேன். டிசம்பரில் அத்தை வரும்போது அதைத்தான் முதலில் திறக்கப் போகிறேன்.