காதோலையில ஆரம்பிச்ச கம்மல்

வைகாசில எங்க மதினிக்கு வளைகாப்பு. வர்ற பொம்பளைங்களுக்கு என்ன குடுத்து விடுறதுன்னு வீட்டுல ஒரு வாரமா இதே பேச்சுதான், பிளாஸ்டிக் டப்பா வேணவே வேணாம்னு நான் முதல்லயே சொல்லிட்டேன், எவர்சில்வர் கிண்ணம்னா எல்லா வீட்டு அலமாரிலயும் அடுக்கி கிடக்கு. எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம், சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் நடுவுல. எங்கிட்டு திரும்புனாலும் பனைதான், அப்புறம் எதுக்கு மதுரை வரைக்கும் போயி கடை கடையா ஏறணும், ஓலையிலயே ஆளுக்கு ஒரு ஜோடி கம்மல் செஞ்சு சின்னக் கொட்டான்ல, அதான் ஓலைப் பெட்டில, வச்சுக் குடுத்துருவோம்னு சொல்லி நானே ஏத்துக்கிட்டேன். மொத்தம் 40 ஜோடி.

முதல் நாலு ஜோடி வீணாப் போச்சு. யூடியூப்ல பேப்பர சுருட்டி கம்மல் செய்வாங்கள்ல, அதே மாதிரிதானன்னு நினைச்சு ஓலைய தண்ணில நல்லா ஊறவச்சு, சுண்டுவிரல் அகலத்துக்கு வார்ந்து, இறுக்கமா சுருட்டி பசை தடவி வச்சேன். பார்க்க அம்புட்டு அழகா இருந்துச்சு. காலையில எந்திரிச்சுப் பாத்தா எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு கிடக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு, ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து செஞ்சது.

திண்ணைல இருந்த அப்பத்தா ஒண்ண எடுத்து விரல்ல வச்சு அமுக்கிப் பாத்துட்டு, "அது விரியத்தான ஆத்தா செய்யும். அது விரிஞ்சுதான் என் காதே வளந்துச்சு"ன்னாங்க.

அப்பத்தாவுக்கு 80 தாண்டிருச்சு. காதுல போட்டிருந்த பாரமான நகை, தண்டட்டி, அத கழட்டி ரொம்ப வருஷமாச்சு, காது மட்டும் தோள்ப்பட்டைய தொடுற மாதிரி தொங்கும். சின்னப் புள்ளையில காது குத்தி, முதல்ல பஞ்சத் திரிச்சு ஓட்டையில வைப்பாங்களாம், புண்ணு ஆறுனதும் ஓலைச்சுருள். சுருட்டி உள்ள சொருகி விட்டா அது ஸ்பிரிங் மாதிரி மெல்ல மெல்ல விரியும், ஓட்டையும் கூடவே பெருசாகும், அப்புறம் அதவிட பெரிய சுருள். கடைசியா தண்டட்டி பாரம் தாங்குற அளவுக்கு வந்துரும். காதோலைங்குறது அதுதான். ஆடிப்பெருக்குக்கு பூஜை சாமான் கடையில காதோலை கருகமணின்னு ஒரு செட்டு குடுப்பாங்கள்ல, செவப்புச் சாயம் போட்ட சின்ன ஓலைச்சுருளும் குட்டி கருப்பு வளையலும், அத எத்தன தடவ வாங்கிருக்கேன், அந்தச் சுருளு காதுல போடுற நகைன்னு ஒரு நாளும் எனக்குத் தோணலையே. தங்கம் வாங்க வழியில்லாத வீட்டுலயும் பொம்பளப் புள்ள காது வெறுமனே இருக்கக் கூடாதுன்னு ஓலையையே நகையாக்கி வச்சிருக்காங்க.

சரி, விரியாம இருக்க என்ன பண்ணணும்னு அவங்களே சொல்லிக் குடுத்தாங்க. ஓலைய ஊறவைக்கவே கூடாது. ஈரத்துணில அரை மணி நேரம் சுத்தி வச்சா போதும், வளைக்கிறப்ப ஒடியாம இருக்கணும், அவ்வளவுதான். தண்ணில ஊறுன ஓலை உப்பிரும், காயுறப்ப சுருங்கும், அதான் இடைவெளி விடுது, பசையும் ஈரத்துல ஒட்டாது. சுருட்டுன கையோட நூலால இறுக்கக் கட்டி நிழல்ல ஒரு ராத்திரி விடணும். மறுநாள் நூலப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே வெளி நுனில மட்டும் ஒரு சொட்டு ஃபெவிகால், பின்பக்கம் முழுசா மெல்லிசா ஒரு பூச்சு. இது காஞ்சதுக்கு அப்புறம் நூலப் பிரிச்சா கல்லு மாதிரி நிக்கும். ஓரத்துல ஊசியால ஓட்ட போட்டு வளையத்த மாட்டி கொக்கி தொங்கவிட வேண்டியதுதான். கொக்கில மட்டும் காசு பாக்காதீங்க, நம்ம ஊரு உப்புக்காத்துக்கு சாதா கொக்கி ஒரே மாசத்துல கருத்துருது, சிலருக்கு காதும் புண்ணாகுது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கியாவே கேட்டு வாங்குங்க.

ஓலைன்னதும் கீழ தொங்குற காஞ்ச காவோலைய எடுத்துறாதீங்க, அது அடுப்புக்குத்தான். குருத்தோலை வேணும், இன்னும் விரியாம கத்தி மாதிரி நிக்கும்ல அது. நடு ஈர்க்க கிழிச்சு எடுத்துட்டு வெயில்ல நாலஞ்சு நாள் போட்டா வெளுத்து தந்தக் கலருக்கு வந்துரும். ஒரு பனை மாசத்துக்கு ஒண்ணு கணக்குலதான் ஓலை விடும், அதுனால ஒரே மரத்துல திரும்பத் திரும்ப குருத்து எடுத்தா மரம் நொந்துரும், மரம் மாத்தி மாத்தி வெட்டச் சொல்லுங்க. 40 ஜோடிக்கு எனக்கு ஒரே ஒரு குருத்துதான் ஆச்சு, பாதி மிச்சம்.

சாயத்துக்கு முதல்ல மஞ்சள், பீட்ரூட்னு போனேன். மஞ்சள் வெயில் பட்டதும் வெளுத்துருச்சு, பீட்ரூட் ரெண்டே நாள்ல பழுப்பு. பாய்க்குப் போடுற சாயப்பொடிதான் நிக்குது, கொதிக்கிற தண்ணில பொடியும் கல்லுப்பும் போட்டு ஓலைய ஒரு பத்து நிமிஷம் அமுக்கி வச்சு எடுத்து நிழல்ல உலத்தணும். ஆனா எனக்கு சாயமே இல்லாத வெள்ள ஓலைக்கு நடுவுல ஒரே ஒரு செவப்பு வரி ஓடுறதுதான் புடிச்சிருக்கு.

கொட்டான் எங்க சின்னம்மா மொடஞ்சு குடுத்தாங்க, அவங்க கை ஓடுற வேகத்துக்கு நம்மளால முடியாது. மூடிக்கு மேல ஆளுக்கு ஒரு சோழி ஒட்டுனோம். கரையில பொறுக்குறதா இருந்தா ஒண்ணு செய்யுங்க, சங்க எடுத்து உள்ளங்கையில கவுத்து வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க. உள்ள குட்டி நண்டு குடியிருந்தா கால நீட்டும், அத அப்புடியே தண்ணியோரம் விட்டுருங்க, அது அதோட வீடு. பவளம், கடல்குதிரை, பெரிய சங்குகள்ல சில வகை எல்லாம் 2001லயே வன உயிரினச் சட்டத்துக்குள்ள வந்துருச்சு, கிப்ட்ல ஒட்ட அழகா இருக்கும்னு யாராவது குடுத்தாலும் வாங்காதீங்க. தூத்துக்குடில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அங்க இருந்து ஒரு சிப்பி கூட எடுக்கக் கூடாது.

பொறக்கப் போற புள்ளைக்கு ஓலைக் கிலுகிலுப்பை ஒண்ணும் செஞ்சேன். சத்தத்துக்கு குன்றிமணி போடலாம்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, தயவு செஞ்சு போடாதீங்க, குன்றிமணி விஷம், ஓலை பிரிஞ்சு புள்ள வாயில போட்டா உயிருக்கே ஆபத்து. நான் ஒரு கை நெல்லு போட்டேன், மழை பெய்யுற மாதிரி சத்தம். அதையும் புள்ள கையில குடுக்காம நம்ம ஆட்டிக் காட்டுறதுதான் நல்லது, ஓலை ஓரம் பிஞ்சுத் தோல அறுத்துரும்.

ஐப்பசி கார்த்திகை மழையில இதெல்லாம் செய்யாதீங்க. முன்ன ஒரு தடவ கார்த்திகைல செஞ்சு தங்கச்சிக்கு அனுப்பி, பிரிச்சப்ப பெட்டி பூரா பூசணம், அவ ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் மனசு கேக்கல.

வளைகாப்பு அன்னைக்கு காலையில அப்பத்தா, "எனக்கு இல்லையா"ன்னாங்க. கம்மல நீட்டுனேன், கொக்கி வேணாம்னுட்டாங்க. மிச்சம் இருந்த குருத்துல ரெண்டு வெரக்கடை அகலத்துக்கு வார்ந்து, பசையில்லாம வெறும் சுருளா சுருட்டிக் குடுத்தேன். அவங்களே வாங்கி அந்தத் தொங்குற காதுல சொருகி கைய எடுத்தாங்க, சுருளு விரிஞ்சு காதுல அப்புடியே உக்காந்துருச்சு. மதினிக்கு வளையல் போட்டு எல்லாரும் சாப்புட்டுக் கெளம்புற வரைக்கும் அத கழட்டவே இல்ல.