முக்கோண அரியத்தில் எந்த உயரம்?

திருகோணமலைக் கடற்கரையில் கிடுகு வேய்ந்த மீன்வாடியின் கூரையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிவு, முன்னும் பின்னும் முக்கோணம். முக்கோண அரியம் அதுதான். அகலம் 6 மீற்றர், சரிவு 5 மீற்றர், நீளம் 10 மீற்றர் என்று வைப்போம். கிடுகுக்குக் கணக்குப் பார்க்கச் சரிவுதான் வேண்டும்: 2 × 5 × 10 = 100 சதுர மீற்றர். (ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வேய்வதால் இன்னும் கூடவே பிடிக்கும்.) கூரைக்குள் இருக்கும் இடத்தைக் காண அந்த 5 உதவாது. முகட்டிலிருந்து நேரே கீழிறங்கும் செங்குத்துயரம் வேண்டும். பாதி அகலம் 3, சரிவு 5. பைதகரசின் தேற்றப்படி உயரம் 4. முக்கோணியின் பரப்பு 12, கனவளவு 120 கன மீற்றர். க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகள் பலர் 6ஐயும் 5ஐயும் பெருக்கிப் பாதியாக்கி, நீளம் 10ஆல் பெருக்கி, 150 என்று எழுதிவிடுகிறார்கள்.

சொல்லித் திருத்துவதைவிட மண்ணை நிரப்பிக் காட்டுவது நல்லது. பிறிஸ்டல் போட் என்னும் தடித்த மட்டையில் 16 × 10 சென்ரிமீற்றர் செவ்வகம் வரைந்து, 5, 6, 5 என்று மூன்று பட்டிகளாகப் பிரியுங்கள். நடுப்பட்டியின் இரு அந்தங்களிலும் 6 சென்ரிமீற்றர் விளிம்பை அடியாக வைத்து, கவராயத்தை 5க்கு விரித்து வில் வெட்டி முக்கோணி அமையுங்கள். இரண்டு முக்கோணிகளையும் ஒரே அந்தத்தில் வரைந்தால் மறு வாய் மூடாது. அடிக்கடி நடக்கும் பிழை இது. ஒட்டுவதற்கு 1 சென்ரிமீற்றர் ஓரம் விடுங்கள். மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனையால் அடிமட்டத்தோடு அழுத்திக் கீறினால் மடிப்பு நேராக விழும்.

ஒரு முக்கோணியை ஒட்டாமல் திறந்து விட்டு, அந்த வாயால் காய்ந்த கடல்மண்ணை நிரப்புங்கள். ஈரமண் என்றால் மட்டை ஊறிவிடும், மூலைக்கும் இறங்காது. விளிம்போடு மட்டமாக வழித்து அளவுசாடியில் கொட்டினால் 120 மில்லிலீற்றரை ஒட்டி நிற்கும். பக்கங்கள் உப்பினால் சற்றுக் கூடும்; ஆனாலும் 150ஐ எட்டாது.

நான்கு முகங்களும் சமபக்க முக்கோணிகளான ஒழுங்கான நான்முகியில் இதே குழப்பம் இன்னும் நுட்பமானது. 12 சென்ரிமீற்றர் சமபக்க முக்கோணியில் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து மடித்தால் 6 சென்ரிமீற்றர் விளிம்புள்ள நான்முகி வரும். அதன் முகத்தின் உயரம் ஏறத்தாழ 5.2, திண்மத்தின் உயரம் 4.9. இரண்டும் கிட்டக்கிட்ட இருப்பதால் மாறிப்போட்டாலும் விடை சரிபோலவே தெரியும்: 25.5 கன சென்ரிமீற்றர் வரவேண்டிய இடத்தில் 27 வரும்.