பழைய வண்டி ஏசியும் பெல்ட் கத்தலும்

கத்திரி வெயில் தொடங்கியதும் பட்டறைக்கு வரும் பழைய அம்பாசிடர், ஃபியட்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான். வடபழனி சிக்னலில் நிற்கும்போது ஏசியைப் போட்டால் பெல்ட் கத்துகிறது. “அண்ணே, கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க, போதும்” என்பார்கள். டைட் வைத்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும். ஆனால் அளவுக்கு மேல் இழுத்த பெல்ட்டின் பாரம் முழுக்கப் புல்லி பேரிங்கில் இறங்கும். பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றி ஓடினால் அதன் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த அம்பாசிடரோ, ஃபியட் 1100-இல் இருந்து வந்த பத்மினியோ ஏசியை மனதில் வைத்து வரையப்பட்ட வண்டிகள் அல்ல. இன்ஜின் சுழற்றும் கிராங்க் புல்லியில் கூடுதலாக ஒரு குரூவ் (பெல்ட் உட்காரும் பள்ளம்), வெல்டிங் அடித்த ஒரு பிராக்கெட், அதில் ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் என்று எல்லாமே பின்னால் சேர்த்தவை. கோளாறும் அங்கேதான் இருக்கும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு குரூவைப் பாருங்கள். இந்த V வடிவ பெல்ட் (வி-பெல்ட்) பிடிப்பது பக்கவாட்டில்தான், அடியில் அல்ல. குரூவின் அடிப்பகுதி கண்ணாடி போல மின்னினால் பக்கங்கள் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். புது பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்புக்குச் சமமாகவோ துளி மேலாகவோ நிற்க வேண்டும். 2 மி.மீ. உள்ளே இறங்கினால் அந்தப் புல்லியை மாற்றுவதே நல்லது. பெசன்ட் நகர் பக்கம் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் உப்புக் காற்றால் குரூவ் துருப்பிடித்து உப்புத்தாள் போல ஆகியிருக்கும். அதைத் துடைக்காமல் புது பெல்ட் போட்டால் கறுப்புத் தூளாகக் கொட்டும்.

லேத்தில் புது புல்லி கடையும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெல்ட்டின் இரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 40 டிகிரி என்று குரூவையும் 40-க்கே கடைந்துவிடுகிறார்கள். புல்லியில் வளையும்போது பெல்ட்டின் உள்பக்கம் பிதுங்கி அதன் கோணம் குறுகும். அதனால் ஏ செக்‌ஷன் (சுமார் 13 மி.மீ. அகல) பெல்ட்டுக்குச் சிறிய புல்லியில் 34, பெரியதில் 38 டிகிரி வேண்டும். லேத்காரரிடம் இந்த எண்ணை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பது. ஸ்கேலைப் புல்லி முகத்தில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும், ஏனென்றால் இரண்டு புல்லியின் விளிம்புத் தடிமனும் ஒன்றாக இருக்காது. குரூவின் நடுவில் இருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். 30 செ.மீ. தூரத்துக்கு 2.5 மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிரியும். விலகலைச் சரிசெய்ய வாஷர்களை அடுக்காதீர்கள், லேத்தில் ஒரே துண்டாக ஸ்பேசர் கடையுங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் புல்லியில் உள்ள காந்தக் கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். அது தலையை ஆட்டினால் பிராக்கெட் வளைகிறது, வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெல்ட் வாங்கும்போது எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஏ-38 என்றால் உள்சுற்று 38 அங்குலம். ஏவி13 x 1000 என்றால் வெளிச்சுற்று 1000 மி.மீ. ஒன்றை இன்னொன்றாக எண்ணினால் சுமார் 50 மி.மீ. பிசகும். ஏ-38-க்கு இணை ஏவி13 x 1015. ஜெனரல் பீட்டர்ஸ் ரோட்டுக் கடையில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும், நம்பரைப் படித்து வாங்குங்கள்.

டைட் வைப்பது கடைசி வேலை. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கினால் போதும். 15 நிமிடம் ஓடவிட்டு, ஆறிய பின் மறுபடி பார்க்க வேண்டும், புது பெல்ட் கண்டிப்பாகக் கொஞ்சம் தளரும். ஐட்லர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் துணைப் புல்லி) இருந்தால் அது தளர்ந்த பக்கத்தில், அதாவது கிராங்க் புல்லியை விட்டு வெளியேறும் பக்கத்தில், இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கருகல் வாடை வந்தால் கம்ப்ரஸர் கிளட்ச்சைப் பாருங்கள். டைனமோ வண்டிகளில் ஐடிலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, வோல்டேஜ் இறங்கினால் கிளட்ச் காயில் பலமாக இழுக்காமல் தட்டு வழுக்கும். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும்.

சிக்னலில் மட்டும் கத்தி, ஓடும்போது அடங்கினால், சூடான ஏசி கேஸைக் காற்றில் குளிர்விக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். காற்று போகாமல் கேஸ் பிரஷர் ஏறினால் கம்ப்ரஸரைச் சுழற்ற அதிக விசை தேவை, பெல்ட் அங்கே தோற்கிறது. கத்தும்போதே கண்டென்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள், பெல்ட்டில் படக்கூடாது. ஒரு நிமிடத்தில் சத்தம் அடங்கினால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள்.