திருநல்லத்தில் தீர்த்த நேர்த்திக்கடன்

என் மகனுக்குத் தோல் நோய் கண்டு மருந்துக்கு மேல் மருந்து மாறியபோது, திருநல்லம் என்று பாடப்பெற்ற கோனேரிராஜபுரத்து வைத்தியநாதருக்கு அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டவர் என் மாமியார். குணமான பிறகும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் ஐயன் அழைத்தார்.

கும்பகோணம்–காரைக்கால் சாலையில் புதூரில் இறங்கி ஆட்டோ கேட்டோம். சொன்ன தொகைக்குக் காரைக்காலுக்கே போயிருக்கலாம். மாமியாரின் முழங்கால் வலிக்காகக் கொடுத்தோம். வாசலிலேயே ‘சிறப்பு அர்ச்சனை’ என்று ஒருவர் ஒட்டிக்கொண்டார். நடராஜர் சன்னதியிலோ வேன் கூட்டம். மனித உடல்போல மச்சம் உண்டு என்று சொல்லப்படும் அந்தப் பெரிய திருமேனியில் கைபேசி விளக்கடித்து மச்சம் தேடுகிறார்கள். தேடட்டும், தீபாராதனைக்காவது வழிவிட வேண்டாமா?

பிரகாரம் சுற்றும்போது கால் நின்றுவிட்டது. கல்லில் சிவலிங்கம், கைகூப்பிய சோழ மன்னர் கண்டராதித்தர். இவர்தான் அவர் என்று கல்வெட்டே சொல்கிறது. மகன் உத்தம சோழன் ஆளும்போது, கணவரான இவர் திருநாமத்தால் செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளி, கற்கோயில் இது. மழவர் குலத்தில் பிறந்து சோழர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அம்மையார் என்னவெல்லாம் பார்த்தார்! கணவருக்குப் பின் அரியணை கொழுந்தன் அரிஞ்சயனுக்கும், அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போனது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். சிற்றப்பன் உத்தமனுக்கு அரியணை ஆசை உள்ளவரை தனக்கு வேண்டாம் என்று, பின்னாளில் ராஜராஜனான தம்பி அருண்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அப்படித்தான் பிள்ளைக்கு முடி கிடைத்தது. 985 வரை ஆண்டான். அவன்மேல் கரிகாலன் கொலைப்பழி போடுவோர் இன்றும் உண்டு. அந்தக் கொலையைப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகள் என்பது ரவிதாசன் கூட்டத்தைத்தான், உத்தமனை அல்ல. எனக்கு அது போதும். அத்தனைக்கும் நடுவில் அந்தத் தாய் தன் கணவரை ஈசன் திருவடியில் அமர்த்திவிட்டுப் போயிருக்கிறார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அபிஷேகத்துக்கு மணி அடித்தது. கோடையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன், அன்று வெற்றுடம்போடு சன்னதியில் நின்றான். முதுகில் தழும்புகூட இல்லை. மாமியார் திருநீற்றை அள்ளி அவன் முதுகெல்லாம் பூசினார். பால் சொரிந்தபோது எனக்குப் பதிகமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ‘அப்பனே, அப்பனே’ என்பது மட்டும்தான். வைத்தியநாதா, நீ தீர்த்துவைத்ததற்கு எதைத் தருவேன்? கோயிலைக் கல்லாக்கி எங்களுக்கு விட்டுப்போன அம்மையே, உமக்கும் நமஸ்காரம். மார்கழித் திருவாதிரைக்கு மறுபடி வருகிறோம், ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டாலும்.