கடற்கரையில் சைரன் நட்ட அனுபவம்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிக்கொண்டிருந்த வேளையில், யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கிலுள்ள எங்கள் ஊரில் முதலில் மின்சாரம் நின்றது, பின்னர் கைப்பேசிக் கோபுரமும் நின்றது. கிராம அலுவலருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்திருந்தும், அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மீனவர் தங்கும் வாடி வாடியாகச் சென்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய பிறகு கடல் இலங்கைக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் எங்களிடம் செய்தியே இருக்கவில்லை. புரெவி இரவில் செய்தி வந்திருந்தது, அதை ஊருக்குக் கேட்கச் செய்ய வழி இருக்கவில்லை. அடுத்த வாரம் சனசமூக நிலையத்தில் கூடியபோது, ஒரு சைரன் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை வாங்கி உயரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றே நான் உட்பட எல்லோரும் எண்ணினோம். ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் வாங்கியது மோட்டரில் சுழலும் சைரன். துளைகளுள்ள ஓர் உருளை மற்றொரு துளை உருளைக்குள் சுழன்று காற்றை வெட்டி வெட்டி வெளியே தள்ளும். 12 துளைகளும் நிமிடத்துக்கு 2800 சுற்றுகளும் என்றால் வினாடிக்கு 560 அதிர்வுகள். எளிமையான பொறி, பழுதுபார்க்கவும் எளிது. ஆனால் அது 230 வோல்ற் மின்சாரம் இருந்தால்தான் சுழலும். எந்த இரவை மனத்தில் வைத்து வாங்கினோமோ, அந்த இரவில் அது ஊமையாகவே இருந்திருக்கும். இந்த உண்மை எங்களுக்கு உறைத்தது 2022 மார்ச் முடிவில், நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோதுதான். மாதச் சோதனைக்குக் குறித்த நேரத்தில் கரண்ட் இல்லாமல் மூன்று முறை கலைந்து போனோம். மூன்றாம் முறை, படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி ஒருவர், "மாஸ்ரர், கரண்ட் இருக்கேக்கை மட்டும் கடலைப் பெருகச் சொல்லி எழுதிப் போடுங்கோ" என்றார். அந்த மோட்டர் சைரனை இப்போது பாடசாலை மணியாகப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது சைரனுக்குக் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் ஊரவர்கள் பணம் சேர்த்தார்கள். இது ஒலிபெருக்கி வகை: நான்கு திசை பார்த்த நான்கு குழல்கள், ஒவ்வொன்றும் 100 வாற்று, 24 வோல்ற்றில் இயங்கும் பெருக்கி, 100 அம்பியர்-மணி கொண்ட இரண்டு பற்றரிகள், ஒரு சூரிய மின்தகடு. விற்ற நிறுவனம் 3 கிலோமீற்றர் தூரம் கேட்கும் என்று தாளில் எழுதித் தந்தது. அந்தத் தாளிலேயே 30 மீற்றரில் 115 டெசிபல் என்றும் இருந்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வீடு, மரம், மணல்மேடு உள்ள இடத்தில் 10 டெசிபல் குறையும் என்று கொள்வதே சைரன் அமைப்போரின் வழக்கம். அந்த வகையில் 60 மீற்றரில் 105, 120இல் 95, 240இல் 85, 480இல் 75, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் 65. சுற்றுப்புற இரைச்சலைவிடப் பத்து டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் வேறு வேலையிலிருக்கும் ஒருவரின் காது அதைத் தனியே பிரித்து உணரும். அலை இரையும் கரையில் 65 டெசிபல் எங்கே எடுபடும்? எங்களுக்கு உண்மையில் கிடைப்பது அரைக் கிலோமீற்றர், நல்ல நாளில் அதற்குச் சற்று மேல் என்று எழுதிவைத்தேன். நிறுவனத்தாரிடம் கேட்டபோது, தொலைபேசியில் பேசியவர் அது பாலைவனத்தில் எடுத்த அளவாக இருக்கலாம் என்று விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரோ கரையோரமாக ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஆகவே கம்பத்தை நடுவில் நட்டு, இரு முனைகளிலும் கையால் சுற்றும் சைரன் ஒவ்வொன்றை இரண்டு வீடுகளில் ஒப்படைத்தோம். தேவாலய மணியையும் கணக்கில் சேர்த்தோம். நடுச் சைரன் கேட்டால் முனையிலிருப்பவர் கையால் சுற்றத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கம்பம் நடுவதற்கு முன்னர் அனுமதிகள். காணி பிரதேச சபையுடையது; கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம், பொலிசாருக்கு ஒரு பிரதி, அருகிலுள்ள முகாமுக்கு ஒரு பிரதி. இதில் நான்கு மாதம் கழிந்தது என்பதைத் தவிரச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பயனான ஒன்று மட்டும் நடந்தது: எந்தச் செய்தி வந்தால் ஊதுவது, யார் சொன்னால் ஊதுவது என்பதைப் பிரதேச செயலகம் எழுத்தில் கேட்டது. கேட்டிருக்காவிட்டால் நாங்கள் அதை எழுதிவைத்திருக்க மாட்டோம்.

மணலில் குழி தோண்டுவது எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, ஆனால் ஒன்றரை மீற்றர் ஆழத்தில் குழி நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. கிணறு கட்டும் மேசன் ஒருவர், கிணற்றுக்கு இறக்கும் கொங்கிறீற் வளையங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உள்மணலை அள்ளி, வளையத்துக்குள்ளேயே கொங்கிறீற் போடச் சொன்னார். கலவைக்குத் தண்ணீரைப் பவுசரில் வரவழைத்தோம். ஊர்க் கிணற்று உவர்நீரில் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி சில ஆண்டுகளில் துருவேறிப் பொருமிக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். கம்பம் நாகமுலாமிட்ட இரும்பு, உயரம் 10 மீற்றர். இடிமின்னலை நிலத்துக்குள் இறக்கும் புவித் தொடுப்பில் மட்டும் உப்பு எங்களுக்கு உதவியது. யாழ்ப்பாணத்தின் உட்பகுதியில் சுண்ணக்கல்லைக் குடைந்து கோல் இறக்க வேண்டியிருக்கும். இங்கே உவர்நீர் ஊறிய மணல் வரை மூன்று கோல்களை இறக்கி இணைத்ததும் தடை 10 ஓமுக்குக் கீழே வந்துவிட்டது. உதவிய அதே உப்பு அந்தக் கோல்களை அரிக்கவும் செய்யும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறோம்.

கேட்கும் தூரத்தைச் சோதிக்க, உயர்தர வகுப்பு மாணவர்கள் இருபது பேரைக் கைப்பேசியும் அப்பியாசக் கொப்பியுமாக ஊரெங்கும் நிறுத்தினேன். முதற் சோதனை ஆடி மாதத்தில், சோழகம் வீசும்போது நடந்தது. சோழகம் தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. ஆகவே கடற்கரை வாடிகளில் ஒலி தெளிவாகக் கேட்டது, றோட்டுப் பக்க வீடுகளில் மங்கியது. காற்றுக்கு எதிரே செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். வெயிலில் கொதிக்கும் மணலும் அதே வேலையைச் செய்யும். அதைப் பார்த்து றோட்டுப் பக்கக் குழல்களைச் சற்றுத் தாழ்த்தித் திருப்பினோம். அது அவசரப்பட்டுச் செய்த பிழை. மார்கழியில், கடலிலிருந்து வீசும் வாடைக் காற்றில் மறுபடி சோதித்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது: றோட்டு வீடுகளுக்குக் கணீரென்று கேட்டது, ஆனால் அலை இரைச்சலும் தகரக் கூரையில் மழையும் சேர்ந்து வாடிகளில் ஒலியை விழுங்கிவிட்டன. ஆபத்து வருவது பெரும்பாலும் வாடைக் காலத்திலேயே என்பதால், அந்தச் சோதனையின் குறிப்புகளையே அடிப்படையாக வைத்துக் குழல்களைத் திரும்பவும் மாற்றினோம். சைரன் வைக்கும் ஊர்கள் ஒரு பருவச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

ஏறி இறங்கும் ஒலியே காதைச் சட்டென்று பிடிக்கும் என்பதால் முதலில் அதையே வைத்தோம். முதன்முறை ஒலித்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு, போர்க்காலத்தில் பங்கர் இருந்து பின்னர் மூடப்பட்ட வேலிக்கரைக்கு ஓடிக் குனிந்து இருந்துவிட்டார். மேலெழுந்து கீழிறங்கும் அந்த ஒலி அவருக்குக் குத்திறங்கும் பொம்மரின் ஒலியாகக் கேட்டிருக்கிறது. அவர் மட்டுமல்ல; அன்று மாலை சனசமூக நிலையத்துக்கு வந்து முறையிட்டவர்கள் பதினொரு பேர். பயமுறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எச்சரிக்கை பயமுறுத்தவே செய்யும். ஆனால் இந்த ஒலி மக்களைக் குனிந்து பதுங்கச் செய்கிறது. சுனாமிக்கோ எழுந்து ஓட வேண்டும். ஆகவே ஏற்ற இறக்கத்தை நீக்கி, ஒரே சுருதியில் நீளும் ஒலி, இடைவெளி, குரல், மறுபடி ஒலி என்று மாற்றினோம்.

குரலுக்கும் ஒரு பாடு பட்டோம். "கரையோர மக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்கு நகரவும்" என்று ஆசிரியை ஒருவர் அழகாக வாசித்ததைப் பதிந்து போட்டோம். 300 மீற்றருக்கு அப்பால் நின்ற மாணவர்களில் ஒருவர்கூட அதைச் சரியாக எழுதவில்லை. நீண்ட சொற்கள் சுவர்களில் எதிரொலித்து ஒன்றோடொன்று மோதின. இப்போதுள்ள பதிவு சம்மாட்டியின் குரல்: "கடல் வருது. பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கோ." சொற்களுக்கிடையே ஒரு வினாடி இடைவெளி விட்டு மூன்று முறை. செயலகத்தில் ஒருவர் இது எழுத்துத் தமிழில் இருக்க வேண்டாமா என்று கேட்டார். ஓடச் சொல்லும்போது யார் எழுத்துத் தமிழில் பேசுகிறார்கள் என்று பதில் எழுதினேன், மறுப்பு வரவில்லை.

பராமரிப்பில் முதற் பாடம் பற்றரிகளிடமிருந்து கிடைத்தது. சைரன் பத்து நிமிடம் ஒலிக்கச் செலவாவது ஏறத்தாழ மூன்றரை அம்பியர்-மணிதான். ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை நாளொன்றுக்கு இரண்டரை அம்பியர்-மணி தின்னும். எனவே பத்து நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும் என்று நிம்மதியாக இருந்தேன். கணக்கில் விட்டது வெப்பம். கம்பத்தின் அடியில் இரும்புப் பெட்டிக்குள், நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் பற்றரிகளை வைத்திருந்தோம். ஈய-அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். எங்களுடையவை இரண்டு ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின. அதுவும் கேடு தெரியாமலே: சும்மா அளந்தால் 25 வோல்ற்றுக்கு மேல் காட்டும், ஒலிக்க விட்டால் சில வினாடிகளில் 20க்கு விழுந்து சைரன் முனகும். இப்போது பற்றரிகள் வாசிகசாலையின் நிழலுள்ள அறையில் இருக்கின்றன, சுமை கொடுத்துத்தான் அளக்கிறோம். ஒன்று மட்டும் கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறோம். புதியதையும் பழையதையும் தொடராக இணைத்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

மாதந்தோறும் முதற் சனிக்கிழமை காலை 10 மணிக்கு 30 வினாடி ஒலிக்கும். முதல் நாளே அறிவித்தல் பலகையில் எழுதுவோம். ஒருவர் கட்டுப்பாட்டுப் பலகையருகில் இருப்பார், இன்னொருவர் கம்பத்தைச் சுற்றி நடப்பார். நடப்பவரின் வேலையே முக்கியமானது. ஒரு முறை வடக்குக் குழல் அடைத்த மூக்கால் பேசுவதுபோல் ஒலித்தது. ஏறிப் பார்த்தால் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குழல் வாய்களுக்குத் துருப்பிடிக்காத வலை போட்டோம். மற்றொரு முறை பல்லி ஒன்று இணைப்புகளுக்கிடையே கருகிக் கிடந்ததால் கட்டுப்பாட்டுப் பலகையின் ஓர் உருகி போயிருந்தது. வயர் நுழையும் துளைகளை அன்றே அடைத்தோம். வர்ணம் பூசிய சாதாரண இரும்புத் தாங்கிகள் ஒரே வாடைக் காலத்தில் செதிலாய் உரிந்தன.

சைரனின் சாவி இருவரிடம் உண்டு. ஒரு நள்ளிரவில், சுனாமி வருகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய குரல்பதிவை நம்பி இளைஞர்கள் சிலர் அந்த இருவரில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்து, அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை என்று உறுதிசெய்து கதவைச் சாத்திவிட்டார். உதைபந்தாட்ட வெற்றிக்கு ஊதச் சொல்லி வந்தவர்களையும் அவரே திருப்பி அனுப்பினார்.

ஆண்டுதோறும் டிசெம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படும்போது, அதன் முடிவில் சைரனை ஒலிக்கலாம் என்று குழுவில் ஒருவர் முன்மொழிந்தார். அன்று பிள்ளைகளைக் கடலிடம் கொடுத்த தாய்மார் இருவர் எழுந்து, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். அந்த யோசனை பதிவேட்டில்கூட ஏறவில்லை.

ஊரில் காது கேளாத ஒரு தம்பதியர் இருக்கிறார்கள். அவர்களுக்கு டெசிபல் கணக்கால் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் பெயரைப் பதிவேட்டில் அவர்கள் வீட்டுக்கு நேரே எழுதியிருக்கிறோம், மாதச் சோதனை நாளில் அவனும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து கையைப் பிடிக்க வேண்டும். போன சனிக்கிழமை அவனுக்குப் பரீட்சை வகுப்பு என்பதால் தங்கை போயிருக்கிறாள். கிழக்கு முனைக் கைச்சைரனின் பிடி உப்பேறி இறுகியிருக்கிறது என்று அன்றே குறித்திருக்கிறார்கள். வாடை தொடங்குவதற்கு முன் கழற்றிக் கிறீஸ் போட வேண்டும்.