வண்டி ஆஃப் ஆகாமல் நகர்த்துவது: கிளட்ச் பழகிய வரிசை

வண்டி ஆஃப் ஆனதும் "ஆக்சிலேட்டர் பத்தலை" என்றுதான் தோன்றும். பெரும்பாலும் தப்பு இடது காலில் இருக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது, எஞ்சின் சுமார் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சுற்றுகிறது, சக்கரமோ நிற்கிறது. இரண்டையும் சட்டென்று சேர்த்தால் வண்டியின் எடையே எஞ்சினை அமுக்கி நிறுத்திவிடும். கிளட்ச் தட்டு கொஞ்ச நேரம் வழுக்கினால்தான் சக்கரம் வேகம் பிடித்து எஞ்சினோடு சேரும்.

அதனால் முதல் கட்டத்தில் வலது காலுக்கு ஆக்சிலேட்டர் வேலையே கொடுக்கவில்லை. கிளட்சை அடி வரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்தியாயிற்று. ஏசி ஆஃப், சமதளம், ஃபர்ஸ்ட் கியர், ஹேண்ட்பிரேக் இறக்கியாயிற்று, வலது கால் பிரேக்கின் மேல் தயாராக. கிளட்சை மெல்ல விட்டால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், பானெட் ஒரு விரலளவு தூக்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே கால் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு மூன்று நொடி. வண்டி நடை வேகத்துக்கு வந்தபிறகு மிச்சத்தை விடலாம்.

ஆஃப் ஆவதெல்லாம் இந்த இரண்டு நொடியில்தான். வண்டி நகர்ந்த சந்தோஷத்தில் கால் பெடலைவிட்டுத் துள்ளும். வண்டி குதிக்கும், எஞ்சின் நிற்கும். டீசல் எஞ்சினுக்கு குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை அதிகம் என்பதால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சின்ன பெட்ரோல் எஞ்சின் பொறுக்காது. பழக அதுவே நல்லது என்பேன்.

அடுத்து ஆக்சிலேட்டர். கிளட்ச் பிடிப்பதற்கு முன்பே 1200 முதல் 1500 ஆர்பிஎம் வரை ஏற்றி, அங்கேயே வைத்திருக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கும் கணத்தில் பயந்து வலது காலை எடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் கோளாறு. ரேஸ் பண்ணி, அதாவது 3000 வரை உறுமவிட்டு எடுத்தாலும் வண்டி நகரும். ஆனால் தட்டு தேயும்.

மேட்டில் ஹேண்ட்பிரேக் இல்லாமல் முயல வேண்டாம். அதைப் போட்டபடியே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, பானெட் தூக்கும்வரை கிளட்சை விட்டு, பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்குவது. ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்டபடியே, மேட்டில் நிறுத்தி வைத்தால் தீய்ந்த வாடை வரும். வந்தால் அன்றைக்குப் பயிற்சி போதும், கிளட்ச் ஆறட்டும்.

நிறுத்தும்போது ஆஃப் ஆவது வேறு கதை. பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் எஞ்சினையும் ஐடிலிங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகும். வண்டி அதிர ஆரம்பிக்கும் முன்பே கிளட்சை முழுசாக மிதித்துவிட வேண்டும். கியர் பெரிதாக இருந்தால் அந்த அதிர்வு இன்னும் அதிக வேகத்திலேயே வரும்.

ஆஃப் ஆனால்: பிரேக், கிளட்ச், நியூட்ரல், பிறகு ஸ்டார்ட். எஞ்சின் நின்றபின் பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், அப்புறம் இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். எனவே ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்கவும், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தும் திரும்பத் திரும்ப ஆஃப் ஆனால் கியரைப் பாருங்கள். ஃபர்ஸ்ட் என்று நினைத்து தேர்டில் போட்டிருக்கும்.