நாலு ராத்திரி வேறொருவனைப் பார்த்தேன்

நாலு ராத்திரி கண்விழித்து மூன்று ஆட்டம் பார்த்து, பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்த பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஆளை.

காலேஜ் ஃபுட்பாலில் (உதைக்கிற ஃபுட்பால் இல்லை, அமெரிக்கர்கள் முட்டி மோதிக்கொள்கிறதே, அது) சீசனுக்குச் சீசன் ஜெர்சி எண்ணை மாற்றிக்கொள்வார்கள். என் ஆள், அதாவது நான் ரிப்போர்ட் எழுத வேண்டிய வீரன், 2024-இல் 4ஆம் எண். அதை நம்பி 2023 ஆட்டங்களிலும் 4ஆம் எண்ணையே துரத்தினேன். அந்த வருடம் இவன் 24. அப்போதைய 4 வேறொரு சீனியர், படிப்பை முடித்துவிட்டுப் போயே போய்விட்டார். இது போதாதென்று ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு, ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அதனால் முதல் வேலையாக அந்தந்த வருடத்து ரோஸ்டரை (அணியின் ஆட்டக்காரர் பட்டியல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் போடுவது அப்புறம்.

நான் இருப்பது ஹூஸ்டனில், பிழைப்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங். டிராஃப்டுக்கு (என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் காலேஜ் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுப்பது) வரப்போகும் வீரர்களை அலசும் ஒரு சின்ன வலைத்தளத்துக்கு மாதிரி ரிப்போர்ட் ஒன்று அனுப்பினேன். ஒரே வாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, "பெயர் வரும்" என்றார் ஆசிரியர். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் 12 கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை ஒட்டியே ஓடித் தடுப்பவர்) பற்றி எழுதித் தர வேண்டும்.

கார்னர்பேக் என்றதும் சந்தோஷமாகத் தலையாட்டியது என் தப்பு. டிவி கேமரா பந்தோடு போகும். ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்ததும், ரிசீவர் ஓடுவான், அவன் கூடவே கார்னர் நாலு அடி வைப்பான், இருவரும் திரையை விட்டு வெளியே. பந்து அந்தப் பக்கம் வந்தால்தான் மறுபடி தரிசனம். மேலிருந்து 22 பேரையும் காட்டும் ஆல்-22 படம் என்.எஃப்.எல். அணிகளின் கையில் இருக்கும். காலேஜ் ஆட்டங்களுக்கு நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. இதில் கொடுமை என்னவென்றால், நல்ல கார்னர் இருக்கும் பக்கம் எந்தக் குவார்ட்டர்பேக்கும் (பந்தை எறிகிறவர்) எறிய மாட்டார். ஆள் எவ்வளவு நன்றாக ஆடுகிறானோ, அவ்வளவு குறைவாகக் கண்ணில் படுவான்.

இந்த ஞானோதயம் என்னை நேராக அடுத்த பள்ளத்தில் தள்ளியது. ஒருவன் பக்கம் ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று பந்துதான் வந்தது. "குவார்ட்டர்பேக்குகள் இவனைக் கண்டு அஞ்சுகிறார்கள்" என்று எழுதி, இரண்டாம் சுற்றில் போவான் என்று மதிப்பும் போட்டுவிட்டேன். அதே அணியில் எதிர்ப் பக்கத்தில் நின்ற கார்னர் படுமோசம், எல்லாரும் அங்கேயே எறிந்து தள்ளினார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இதற்கிடையில் நான் எழுதி முடித்த நால்வரில் இருவர் டிராஃப்டுக்கு வரவில்லை என்று ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். 2021-இலிருந்து மாணவ வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். டிராஃப்டில் பின் சுற்றில் போவதைவிட இன்னொரு வருடம் காலேஜிலேயே இருப்பது லாபம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடைசி வருடத்தில் இல்லாத பையன்களைப் பற்றி யார் வருகிறார்கள் என்ற பட்டியல் ஜனவரி நடுவில் தெளிவாகும்வரை ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஜனவரி கடைசியில் அலபாமாவின் மொபைல் நகருக்குப் போனேன், சீனியர் பவுல் (டிராஃப்டுக்கு வரும் காலேஜ் வீரர்களின் காட்சி ஆட்டம்) பயிற்சிகளைப் பார்க்க. ஐ-10 நெடுஞ்சாலையில் ஏழு மணி நேரம். மொத்தக் கதையில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான். காலரியில் உயரமான வரிசையில், கோல் பக்கமாக உட்கார்ந்தேன். டிவி காட்டாததெல்லாம் அங்கே தெரிந்தது. ரிசீவரும் கார்னரும் ஒற்றைக்கு ஒற்றை மோதும் பயிற்சியில் முக்கால்வாசி ரிசீவர்தான் ஜெயிப்பான். மைதானம் முழுக்க அவனுக்கு, குவார்ட்டர்பேக்கை நெருக்க எதிரே ஆள் கிடையாது. அதனால் யார் ஜெயித்தார்கள் என்று எண்ண வேண்டாம், இடுப்பைப் பாருங்கள். சின்னக் காலேஜ் பையன் ஒருவன் பந்தைத் தடுக்காமலே என்னை நிமிர வைத்தான். ரிசீவர் உள்ளே போவதுபோல் தோளைச் சாய்த்து வெளியே வெட்டினான். இவன் ஏமாந்தான், இடுப்பு தப்பான பக்கம் திறந்துவிட்டது. ஆனால் நின்று தடுமாறாமல் அப்படியே முழுச் சுற்றுச் சுற்றி, மூன்றாவது அடியில் மறுபடி அவன் தோளருகே வந்துவிட்டான். பந்து கிடைத்தது என்னவோ ரிசீவருக்குத்தான். நான் மூன்றாம் சுற்று என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு பல்கலைக்கழகத்தின் ப்ரோ டே, அதாவது அதன் வீரர்கள் என்.எஃப்.எல். ஆட்கள் முன்னால் ஓடிக்காட்டும் நாள். என் பட்டியலில் இருவர் அங்கே ஓடப்போகிறார்கள். "பெயர் கொடுத்துவிட்டேன், போய் வா" என்றார் ஆசிரியர். ஒரு நாள் லீவு, மூன்று மணி நேர டிரைவ். வாசலில் டேப்லெட்டோடு நின்றவர் என் பெயரை இரண்டு முறை தேடினார், இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்று தகப்பன் பெயரையும் போட்டுத் தேடச் சொன்னேன். அதுவும் இல்லை. அனுமதி மெயில் இருக்கிறதா என்றார். ஆசிரியருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது: "அடடா, அனுப்ப மறந்துட்டேன்." உள்ளே விசில் சத்தம் கேட்க, கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். "ஏங்க, இதுக்குப் பெட்ரோல் காசாவது தருவாங்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. யார் என்ன சொன்னாலும், அனுமதி மெயில் உங்கள் பெயருக்கு, உங்கள் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அன்றைக்கு உள்ளே 40 கெஜம் ஓடிய நேரங்கள் மறுநாள் வெளிவந்தன, எல்லாம் பிரமாதம். ப்ரோ டேயில் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் என்பதால் சொந்த ஊர்க் காற்று கொஞ்சம் கூடவே வீசும், நேரம் குறைந்தே தெரியும். இண்டியானாபொலிஸ் கம்பைனில் (பல காலேஜ் வீரர்களையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்கும் என்.எஃப்.எல். முகாம்) எடுத்த நேரத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பக்கூடாது. நேரத்தை மட்டும் நம்பினாலும் வம்புதான். ஜஸ்டின் கில்பர்ட் என்ற கார்னர் 4.37 விநாடியில் ஓடினார், 2014-இல் எட்டாவது ஆளாக எடுத்தார்கள், மூன்று சீசனோடு சரி. ரிச்சர்ட் ஷெர்மன் என்ற கார்னரை 2011-இல் 154வது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவர் என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் கோப்பையே தூக்கினார்.

12 ரிப்போர்ட்டும் கெடுவுக்கு முந்தைய நாள் அனுப்பினேன். வெளிவந்தபோது என் பெயர் இல்லை, "ஆசிரியர் குழு" என்று போட்டிருந்தது. கேட்டு இரண்டு மெயில் அனுப்பினேன், பதிலே வரவில்லை.

ஏப்ரலில் கிரீன் பே நகரில் டிராஃப்ட். வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்றாம் சுற்றின் கடைசிப் பகுதியில் மொபைல் பையனின் பெயரை வாசித்தார்கள். பெரிய தளங்கள் சில அவனை ஆறாம் சுற்றில் வைத்திருந்தன. நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துவிட்டாள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். 257 பெயர் வாசித்து முடித்தார்கள், "குவார்ட்டர்பேக்குகள் அஞ்சும்" என் ஆள் அதில் இல்லை.

அந்தத் தளத்துக்கு இனி எழுதுவதாக இல்லை. அடுத்த வருடத்துக்கான எக்செல் ஃபைலைத் திறந்துவிட்டேன். பெயருக்கு அடுத்த கட்டத்தில் போன வருட ஜெர்சி எண், அதற்கு அடுத்து, எதிர்ப் பக்கத்துக் கார்னர் யார்.